"இதை யார் பாத்துக்கறாங்க, சார்?"

(பழைய மாணவர்கள் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



வகுப்பில் வாய் திறக்காதவன் என்று பெயரெடுத்தவன் நான். பின் பெஞ்சு நண்பர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்று என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். விடுதிக்குப் பின்னால் உள்ள இரண்டு ஏக்கர் காலியிடத்தில் நம் சங்கம் ஒரு பூங்கா அமைத்து, அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களும் வந்துபோக விடுவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். "நகராட்சியில இன்ஜினீயரா இருந்து நாலு பூங்கா கட்டினவன் நீ. ரெண்டு வார்த்தை சொல்லுடா" என்றார் செயலாளர். சொல்கிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டிய முதல் பூங்காவுக்கு அமோகமாகத் திறப்பு விழா நடந்தது. பளிங்குக் கல்வெட்டில் பதினோரு பெயர்கள். எட்டாவது மாதம் ஊஞ்சலின் கொக்கி தேய்ந்து அறுந்து, ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அடியில் இருந்தது சிமெண்ட் தளம். மணல் போட்டால் மழையில் சேறாகும், நாய் அசிங்கம் பண்ணும் என்று தளம் போடச் சொன்னவன் நான்தான். எஸ்டிமேட்டில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

மறுநாள் அந்தக் குழந்தையின் அப்பா ஆபீசுக்கு வந்தார். மில் தொழிலாளி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சத்தமே போடவில்லை. "இதை யார் பாத்துக்கறாங்க, சார்?" என்று மட்டும் கேட்டார். ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். கட்டியது யார், பில் பாஸ் பண்ணியது யார், திறந்துவைத்தது யார், எல்லாப் பெயரும் இருந்தது. பார்த்துக்கொள்கிறவர் பெயர் மட்டும் இல்லை.

என் சர்வீசில் கற்ற பாடம் அந்த ஒரு கேள்விதான். மிச்சமெல்லாம் அதற்கு நான் தேடிய பதில்கள். அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சோதனை. விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1176 மூன்று விதச் சோதனை சொல்கிறது. அடிக்கடி கண்ணால் பார்ப்பது, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போல்ட், சங்கிலி, தேய்மானம் பார்ப்பது, வருஷத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சாதனங்களுக்கு அடியில் சிமெண்ட் தளமே கூடாது என்கிறது. 9 அங்குல மணல் இருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழும் பிள்ளைக்குப் பெரிய அடி படாது என்பது அவர்கள் கணக்கு. அந்த மணலையும் கிளறிவிட்டு, குறையக் குறைய நிரப்ப வேண்டும். விபத்துக்குப் பிறகு நான் சிமெண்டை உடைத்து மணல் போட்டேன். வாட்ச்மேன் பெரியவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, காலையில் கேட்டைத் திறக்குமுன் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுப் பார்த்து எழுதச் சொன்னேன். முதல் வாரத்திலேயே "சறுக்கு மரம் ஆணி தூக்கி இருக்கு" என்று எழுதியிருந்தார். நான் பத்து தடவை அந்தப் பக்கம் நடந்தவன். என் கண்ணில் படவில்லை.

இரண்டாவது, ஆளுக்கு ஓர் இடம். நியூயார்க் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். 1970-களில் அது சீரழிந்து கிடந்தது. 1980-இல் ஊர்க்காரர்கள் ஓர் அமைப்புத் தொடங்கிப் பணம் திரட்டிப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த இடங்களே மறுபடி கெடத் தொடங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. பார்க்கை 49 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாக ஒரு தோட்டக்காரரை வைத்தார்கள். புல் காய்ந்தால் யாரைக் கேட்பது என்று இப்போது தெரியும். நம் இரண்டு ஏக்கருக்கு ஓர் ஆள் போதும். ஆனால் அந்த ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, இடத்தைக் காப்பது. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் இருந்தது. கவர்னர் ட்ரெவெல்யன் காலத்தில், 1859-இல் உருவானது. சுமார் 116 ஏக்கர். அதிலே விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை வந்தது, பிற்பாடு ஸ்டேடியமும் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். நல்ல காரியங்களாலேயே ஒரு பூங்கா போய்விட்டது, பாருங்கள்! பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தபோது குடியிருப்புக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் மாநில விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்திரம் இருக்கும், வேலி இருக்காது. அப்புறம் ஒரு பெட்டிக்கடை, ஒரு ஷெட் என்று இடம் கரையும்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். சுற்றறிக்கையில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்தேன். நுழைவு வளைவு, இசை நீரூற்று, கல்வெட்டு எல்லாம் இருக்கிறது. கழிப்பறை இல்லை. பெண்களும் வயதானவர்களும் அரை மணிக்கு மேல் உட்கார வேண்டாம் என்று நாமே போர்டு மாட்டுவதற்குச் சமம் அது. தோட்டக்காரர் சம்பளத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். வளைவும் வேண்டாம், நீரூற்றும் வேண்டாம். வசூலாகும் தொகையில் பாதியை பாங்கில் வைப்பு நிதியாகப் போடுவோம். வட்டியில் ஒரு தோட்டக்காரர், மணல், கிரீஸ், பல்பு, தண்ணீர். மிச்சப் பாதியில் எவ்வளவு கட்ட முடியுமோ அவ்வளவு கட்டுவோம். இரண்டு ஏக்கருக்குப் போதாவிட்டால் ஓர் ஏக்கர் போதும். "என்னப்பா, அம்பது வருஷம் கழிச்சு ஒண்ணு செய்யறோம், அதிலயும் கஞ்சத்தனமா?" என்று சிலர் கேட்பீர்கள். வருஷா வருஷம் ஒன்றுகூடி சாப்பிட்டுவிட்டுக் கலைகிறவர்கள் நாம். அந்தக் குழந்தைகள் தினமும் வருவார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கை கூடிவிட்டது. கொஞ்சம் கோணல் தங்கிவிட்டது. கேட்டில் கல்வெட்டு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தோட்டக்காரர் பெயரையும், சங்கத்தில் பொறுப்பேற்கிறவர் பெயரையும் போன் நம்பரையும் போடுங்கள். முதல் வருஷத்துக்கு என் பெயரைப் போட எனக்குச் சம்மதம். காலையில் வந்து கொக்கியைத் தொட்டுப் பார்க்க இந்த வயதிலும் தெம்பிருக்கிறது.