காத்திருக்காத ஒலி

கணினிகள் பேச்சையும் படத்தையும் சிறு பொட்டலங்களாக்கி அனுப்புகின்றன என்று நாம் அறிவோம். 1981இல் வகுக்கப்பட்ட 'டி.சி.பி.' விதிமுறையில், வழியில் ஒன்று தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்வந்தவை வாசலிலேயே நிற்கும். கடிதத்துக்கு இது பொருந்தும். தொலைபேசிப் பேச்சுக்கோ பொருந்தாது. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஒலி விட்டுப்போனால் நம் காது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதற்காகக் காத்திருந்தால் உரையாடலே திக்கும்.

சரி, தொலைந்ததையெல்லாம் விட்டுவிடலாமா? திரைக்காட்சியில் அதுவும் ஆகாது. முழுப்படம் ஒன்றை அனுப்பிவிட்டு, பிறகு மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்புவது வழக்கம். அந்த முழுப்படம் தொலைந்தால் பின்வருவன எல்லாம் சிதையும்.

எது இன்றியமையாதது என்பது கம்பிக்குத் தெரியாது, அனுப்புகிறவருக்கே தெரியும். 2000இல் வந்த 'எஸ்.சி.டி.பி.', வரிசை வேண்டுமா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டது. 2004இல் சேர்ந்த விரிவாக்கம், காலங்கடந்த செய்தியைக் கைவிடவும் அவருக்கு இடமளித்தது.