குயவனும் அத்திக்காயும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யான் பேராசிரியன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தன். 'உயிர்கள் தாமே தோன்றினவா, தோற்றுவித்தவன் ஒருவன் உண்டா?' என்னும் பெரும்பொருளை யான் எடுத்துக்கொண்டது கல்விச் செருக்கினால் அன்று. அவ் வினா என் வீட்டினுள் புகுந்து, அருகருகே அமர்ந்துண்ட என் தந்தையாரையும் என் மகனையும் மூன்று திங்கள் பேசாதிருக்கச் செய்தது. அதனால்தான் பேசுகின்றேன்.

எங்கள் பூர்விக ஊர் கோபிநத்தம். அங்குள்ள மாரியம்மன் கோயிலைப் பலர் அறிவீர்கள். வனத்துறை அதிகாரியாக வந்து, ஊர் மக்களின் நலனைத் தம் நலனாகக் கருதிய பி. சீனிவாஸ் அவர்களின் முயற்சியால் எழுந்தது அது. 1991 நவம்பர் 10ஆம் நாள் வீரப்பனால் அவர் கொல்லப்பட்டார். ஆயினும் அவர் பெயரை ஊர் மறக்கவில்லை.

விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, அக் கோயிலின் முன் நின்று என் தந்தையார் பேரனிடம் கூறினார்: "இக் கோயிலுக்கு ஒரு சீனிவாசர் வேண்டியிருந்தது. ஓடைக்கரையில் நிற்கும் அத்தி மரத்திற்கு மட்டும் ஒருவரும் வேண்டாவா?" கல்லூரியில் விலங்கியல் பயிலும் என் மகன் சட்டென்று, "கோயில் குட்டி போடுவதில்லை, தாத்தா" என்றான். தந்தையார் ஒன்றும் கூறவில்லை. துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்பர்களே! மகன் சொன்னது துடுக்கான சொல். ஆயினும் பொருளற்ற சொல் அன்று. 1802இல் பேலி என்னும் ஆங்கிலப் பாதிரியார், வெட்டவெளியில் ஒரு கடிகாரத்தைக் கண்டால் அதனைச் செய்தவன் ஒருவன் உண்டு என்று கருதுவோம். அதனினும் நுட்பமான கண்ணுக்குச் செய்தவன் இல்லையா என்று வினவினார். 1859இல் டார்வின் அதற்கு வேறொரு விடை தந்தார். கடிகாரம் ஈனுவதில்லை, உயிர்கள் ஈனுகின்றன. ஈன்றவை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. சூழலுக்கு ஏற்றவை மிகுதியாக வழித்தோன்றல்களை விட்டுச் செல்கின்றன, ஏலாதவை அருகுகின்றன. இது கோடிக்கணக்கான ஆண்டுகள் நடப்பின், வரைபடம் இன்றியே வடிவம் பிறக்கும்.

அத்தியையே எடுத்துக்கொள்வோம். காணற்கு அரியதை 'அத்தி பூத்தாற்போல்' என்கிறோம். உண்மையில் அத்தி பூக்கின்றது. பூக்கள் காயின் உள்ளே மறைந்துள்ளன. ஒரு சிறு குளவி காயின் நுனியிலுள்ள நுண்துளை வழியே நுழைகின்றது. நுழையும்போதே சிறகை இழக்கின்றது. தான் கொணர்ந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே மடிகின்றது. அதன் ஆண்மக்களுக்குச் சிறகே இல்லை; அவை வெளிவழியைக் குடைந்து கொடுத்துவிட்டு இறக்கின்றன. பெண்மக்கள் மகரந்தத்துடன் வேறு காய் தேடிப் பறக்கின்றன. குளவி இன்றேல் அத்திக்கு விதை இல்லை. அத்தி இன்றேல் குளவிக்கு வீடு இல்லை!

பூட்டும் சாவியும் போன்ற இப் பொருத்தம் கொல்லன் இன்றி அமையுமோ என்பார் என் தந்தையார். எனக்கோ எங்கள் ஊர்க் காட்டின் ஒற்றையடிப் பாதை நினைவுக்கு வருகின்றது. இரயில் பாதைக்குப் பொறியாளர் உண்டு, அளவைக் கருவி உண்டு. ஒற்றையடிப் பாதையை அளந்தவர் யார்? யானையும் மானும் மாடும் நடந்து நடந்து, ஏறுதற்கு எளிய சரிவு நிலைத்தது. அரிய சரிவில் புல் மூடிற்று. ஆயினும் அது தவறாது தண்ணீரைச் சென்றடைகின்றது.

நம் தொண்டையையும் பாருங்கள். உணவு செல்லும் வழியும் மூச்சு செல்லும் வழியும் அங்கே குறுக்கிடுகின்றன. அதனால்தான் புரையேறுகின்றது, 'யாரோ நினைக்கிறார்கள்' என்று நாம் தலையைத் தட்டிக்கொள்கிறோம். புதிதாக வரைபவன் இப்படியொரு லெவல் கிராசிங்கை வைத்திருக்க மாட்டான். தொன்மையான மீனினத்தில் உணவுக் குழலினின்று கிளைத்த காற்றுப்பையே நுரையீரலுக்கு மூலம் என்பதால் அமைந்த மரபுக் குறை இது என்கிறது அறிவியல்.

எனினும், முதல் உயிர் எவ்வாறு வந்தது? இங்கே அறிவியல் அடக்கத்தோடு பேசுகின்றது. 1953இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர், நீராவியுடன் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாள்களில் புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்கள் தோன்றின. தொல்லுலகின் காற்று அவர் கருதியவாறே இருந்ததா என்பதில் இன்று ஐயம் உண்டு. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னையில் தத்துவம் பயின்று, பின்னர் வேதியியல் அறிஞரான சிரில் பொன்னம்பெருமா, 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்ததை 1970இல் தம் குழுவினருடன் வெளியிட்டார். செங்கல் கிடைத்தது, வீடு எழுந்த கதை இன்னும் முற்றுப்பெறவில்லை.

இவ் வழக்கு மேனாட்டினின்று வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மணிமேகலையில், வஞ்சி நகரில் சமயவாதிகள் பலர் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். அவருள் பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லமும் சேர்ந்த இடத்தில் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல், பூதங்கள் கூடிய இடத்தில் உணர்வு பிறக்கும் என்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞான போதம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகிற்குச் செய்பவன் ஒருவன் வேண்டும் என்று நிறுவுகின்றது. மண்ணும் சக்கரமும் இருந்தாலும் குயவன் இன்றிக் குடம் இல்லை என்பது சைவ சித்தாந்த உவமை. அங்கும் இறைவன் மண்ணை இன்மையினின்று படைப்பதில்லை. மாயை என்றும் உள்ளது.

என் உள்ளத்தைத் தொட்டது மற்றொன்று. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கம் வைத்தார். அதிலும் கடவுளை மறுக்கும் உலகாயதனின் கொள்கையையே முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தார். மாற்றான் கூற்றை முழுமையாகச் சொல்லாமல் மறுக்க முற்படுவது நம் மரபு அன்று.

அந் நூலை மகனிடம் கொடுத்தேன். அவனுடைய பாடநூலில் அத்தியும் குளவியும் பற்றிய பகுதியைத் தந்தையார்க்குப் படித்துக் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இனி இவ் வீட்டில் மற்றவர் கட்சியைச் சொன்ன பிறகே தம் கட்சியைச் சொல்லலாம்" என்றேன். மகன் தயங்கித் தயங்கிக் குயவனுக்காக வாதாடினான். "குட்டி போடுவதையும் அமைத்தவன் ஒருவன் இருக்கலாம் அல்லவா, தாத்தா?" என்று அவனே கேட்டான். தந்தையார் டார்வினுக்காகப் பேசினார். புரையேறுதலை எடுத்துக்காட்டியபோது அவருக்கே புரையேறிற்று! மகன் ஓடிச்சென்று தண்ணீர் கொணர்ந்தான். மூன்று திங்களுக்குப் பின் இருவரும் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

வழக்கு முடிந்ததா? இல்லை. தந்தையார் திருநீறு பூசுகின்றார், மகன் பூசுவதில்லை. உயிர்கள் மாறி வளர்ந்தன என்பதற்குச் சான்று வலுவானது என்று யான் ஏற்கின்றேன். அம் மாற்றத்திற்கு இடந்தரும் நியதி ஏன் உள்ளது என்னும் வினாவை எந்தச் சோதனைக் குழாயும் இன்னும் விடுவிக்கவில்லை என்றும் காண்கின்றேன்.

இளைஞர்களே, தயங்காது வினவுங்கள். ஆனால் வினாவைக் கல்லாக எறியாதீர்கள். பெரியோர்களே, வினவும் பிள்ளையைப் பகைவன் என்று எண்ணாதீர்கள். அயல் மாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் தாத்தாவும் பேரனும் தமிழில் வழக்காடும் வரை, தமிழ் நம்மை விட்டு அகலாது.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!