கிளிஞ்சல் மேட்டுப் பற்கள்



பினாங்கின் புக்கிட் தெங்காவில் நெடுஞ்சாலை ஏறி, வடக்கே கெப்பாலா பத்தாஸ் வரைக்கும் போய், சுங்கை மூடா ஆற்றுப் பக்கம் திரும்பினால் குவார் கெப்பா என்றொரு சிற்றூர் வரும். 2017 ஏப்ரலில் அங்கே தொல்பொருள் காட்சிக்கூடம் கட்டுவதற்கு மண்ணைக் கிளறியபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு தட்டுப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து பக்குவமாக எடுத்தார்கள். ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முந்தையவள். 'பினாங்குப் பெண்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

நம் ஊர் மழைக்கும் வெக்கைக்கும் எலும்பு இத்தனை காலம் தாங்குவதே அதிசயம். ஈர மண்ணின் அமிலம் அதைக் கரைத்துவிடும். குவார் கெப்பாவில் வாழ்ந்தவர்கள் தின்று போட்ட மட்டி, சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. செத்தவர்களையும் அந்த மேட்டிலேயே புதைத்தார்கள். ஓட்டிலிருந்த சுண்ணாம்பு அமிலத்தை முறித்து எலும்பைக் காத்தது. அதே சுண்ணாம்புதான் மேட்டுக்கு எமனாகவும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் காளவாய்க்காரர்கள் ஓடுகளை அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றார்கள். எத்தனை பேருடைய எலும்பு அதோடு வெந்ததோ!

மிஞ்சியதை 1934இல் தோண்டியவர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் என்னும் டச்சுக்காரர். அவர் எடுத்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் காலத்து ஆய்வாளர்களுக்குத் தாடையைக் கையில் எடுத்ததும் எழுந்த கேள்வி, 'இவன் எந்த இனம்?' என்பதுதான். மண்டையை அளந்தார்கள், பெயர் சூட்டினார்கள், பெட்டியில் போட்டு மூடினார்கள். இந்த மனுசனுக்கு என்ன நோவு இருந்தது, சின்ன வயசில் பட்டினி கிடந்தானா என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

கேட்டால் எலும்பு பதில் சொல்லுமா? கொஞ்சம்தான் சொல்லும். வாந்திபேதியில் ஒருவர் இரண்டே நாளில் போய்விட்டால் எலும்பில் ஒரு சுவடும் இருக்காது. எலும்பில் எழுதுவதெல்லாம் ஆளை மெல்ல மெல்ல அரிக்கும் நோய்கள். காசநோய் சிலருக்கு முதுகெலும்பைத் தின்று கூன் விழவைக்கும். தொழுநோய் முற்றினால் மூக்குத் துவாரத்தின் விளிம்பு தேயும், மேல் முன்பல் வரிசையைத் தாங்கும் எலும்பு உள்வாங்கும், விரல் எலும்பு நுனி கூராகும். ராஜஸ்தானில் பாலாத்தல் என்னும் இடத்தில், சுமார் 4,000 ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் ஆணின் எலும்புகளில் இந்த அடையாளங்களில் சிலவற்றைக் கண்டு 2009இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவ்வளவு பழைய நோய். பினாங்குப் பாலத்திலிருந்து தெரிகிற ஜெரெஜாக் தீவில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த காலம் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேற்று நடந்தது மாதிரி.

எலும்பைவிட நாணயமான சாட்சி பல். பல்லின் எனாமல் சின்ன வயசில் ஒரு தடவைதான் உருவாகும். அப்போது கடுங்காய்ச்சலோ பட்டினியோ வந்தால் எனாமல் வளர்ச்சி தடைபட்டு, குறுக்கே மெல்லிய பள்ளமாக ஒரு வரி விழும். நகத்தால் தடவினால் நிரடும். பல்லின் கழுத்திலிருந்து வரி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, எந்த வயதில் விழுந்தது என்றே கணக்குப் போடலாம்.

ஆனால் இங்கேதான் ஆய்வாளர்கள் பலர் தடுமாறினார்கள். வரி விழுந்த பல் நிறைய இருந்தால் சீக்குப் பிடித்த ஊர், வரியில்லாத பல் இருந்தால் ஆரோக்கியமான ஊர் என்று நினைப்பது இயல்பு. 1992இல் ஜேம்ஸ் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் அதைப் புரட்டிப் போட்டார்கள். வரி இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளை காய்ச்சலிலிருந்து எழுந்து, பல் மேற்கொண்டு வளர்ந்திருக்கிறது. அதே காய்ச்சலில் செத்துப்போன பிள்ளையின் பல்லில் வரி முழுதாக உருவாக நேரமே இருந்திருக்காது. ஆக, நோயின் தடம் உள்ளவர் பலசாலியாகவும், சுத்தமான எலும்புக்காரர் சட்டென்று சுருண்டவராகவும் இருக்கக்கூடும். மேலும், நம் கையில் இருப்பது செத்தவர்களின் எலும்பு மட்டும். உயிரோடு நடமாடிய ஊர் முழுவதையும் அதை வைத்துக் கணக்கிட முடியாது.

எலும்பில் குறை உள்ளவரும் பலசாலியாக இருக்கலாம் என்பதற்கு நமக்கு அடுத்த பேராக்கில் அருமையான உதாரணம் உண்டு. லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்துக் குகையில், டாக்டர் ஜுராய்னா மஜீத் குழுவினர் கண்டெடுத்த 'பேராக் மனிதன்' பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவர். பிறவியிலேயே இடக்கை சிறுத்து, விரல்களின் நடுக்கணு எலும்புகள் குட்டையாக இருந்தன. அப்படிப்பட்ட உடம்போடு, வேட்டையாடிப் பிழைத்த காலத்தில், நாற்பது வயது தாண்டி வாழ்ந்திருக்கிறார். கால்களை மடக்கி, நத்தை ஓடுகளும் இறைச்சியும் வைத்து மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். கூட்டமே அவரைத் தாங்கியது என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். அவரே ஒற்றைக் கையால் எல்லாரையும்விட நன்றாகப் பிழைத்திருக்கவும் கூடும், தாங்க வேண்டிய நிலையே வராமல். பரிவுக்கு எலும்பில் தனி அடையாளம் கிடையாது.

இப்போது மரபணு ஆய்வும் சேர்ந்துகொண்டது. வெக்கை மரபணுவைச் சிதைத்துவிடும் என்பதால் நம் பக்கம் கிடைக்காது என்றிருந்தார்கள். காதுக்கு உட்புறம் இருக்கும் கெட்டியான எலும்பில் அது ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு நிலைமை மாறியது. 2018இல் கிளந்தானின் குவா ச்சா குகையில் புதைக்கப்பட்டவர்களின் மரபணுவையும் எடுத்துவிட்டார்கள். மரபணுக் குறைபாடு எலும்பிலேயே தெரிவதும் உண்டு. வியட்நாமில், சுமார் 7,000 ஆண்டுக்கு முன் கடலோரத்தில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த கூட்டத்தின் எலும்புகளில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோயின் அடையாளம் தெரிவதாக 2021இல் ஓர் ஆய்வு வந்தது. தலசீமியா மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு மலேரியா அவ்வளவாக வாட்டாது. அப்படியானால் விவசாயம் வருவதற்கு முன்பே மலேரியா அங்கே குடியிருந்திருக்கிறது.

குவார் கெப்பாக்காரர்களும் கடலும் சேறும் கொசுவுமாக வாழ்ந்தவர்கள்தான். அவர்களுடைய எலும்பிலும் தலசீமியாவின் அடையாளம் உண்டா என்று பார்க்க வேண்டும். லைடனுக்குப் போன எலும்புகளைத் திருப்பித் தரும்படி பினாங்கு மாநிலம் கேட்டது. அவற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கும் முன் பல் இடுக்கில் காறை ஒட்டியிருக்கிறதா என்று யாராவது பார்க்கட்டும். அந்தக் காறைக்குள்தான் அவர்கள் தின்றதும், வாயில் குடியிருந்த கிருமிகளும் கல்லாகி உட்கார்ந்திருக்கும்.