கணினிக்குக் கண் கொடுக்கும் கணக்கு



1966-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட் ஒரு திட்டம் வகுத்தார். கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் ஒரு முக்கியப் பகுதியை அந்த ஒரு கோடைக்குள் முடித்துவிடலாம் என்பது கணிப்பு. கோடை முடிந்தது, வேலை முடியவில்லை. இன்றைக்கும் முதுநிலை மாணவர்கள், கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்ற அதே கேள்வியோடுதான் கணினிப் பார்வை வகுப்பில் வந்து உட்காருகிறார்கள்.

அப்படி என்ன கடினம்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டிப் பிடியுங்கள். தெருக்கோடித் தென்னை மரமே அதன் பின்னால் மறைந்துவிடும். 2 மீட்டர் தொலைவில் நிற்கும் 1 மீட்டர் உயரக் குழந்தையும், 4 மீட்டர் தொலைவில் நிற்கும் 2 மீட்டர் உயர மனிதரும் கேமராவில் ஒரே அளவாகத்தான் விழுவார்கள். படம் பிடித்த நொடியிலேயே தொலைவு தொலைந்துபோகிறது. அதை மீட்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அதனால்தான் பள்ளியில் படித்த ஊசித்துளைக் கேமராவும் வடிவொத்த முக்கோணங்களும் இங்கே மறுபடி வந்து நிற்கின்றன. இரண்டு கேமராக்களை வைத்து, ஒரு படத்தில் உள்ள புள்ளி மற்றதில் எங்கே விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், முக்கோணக் கணக்கு தொலைவைத் திருப்பித் தந்துவிடும்.

இந்தப் பாடத்தில் அடுத்தது விளிம்பு. கணினிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு: கறுப்பு 0, வெள்ளை 255. ஒரு வரிசையில் 20, 20, 21, 200, 201 என்று இருந்தால், பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் 179 என்று எகிறும். அதுதான் விளிம்பு. ஆனால் அது கதவின் ஓரமா, வெறும் நிழலா? அந்த எண்களால் மட்டும் அதைச் சொல்ல முடியாது.

2012-இல் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பு, படத்தில் இருப்பது என்ன என்று அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் வென்றது. இனி இந்தப் பழைய கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் மேலே நாம் கழித்ததும், ஓர் எண்ணை +1-ஆலும் பக்கத்து எண்ணை −1-ஆலும் பெருக்கிக் கூட்டியதுதான்; இப்படி அக்கம்பக்கத்து எண்களைப் பெருக்கிக் கூட்டும் கணக்குக்கு வடிகட்டி என்று பெயர். அந்த வலையமைப்பின் உள்ளே ஓடுவதும் அதே வடிகட்டிதான். எந்த எண்ணால் பெருக்குவது என்பதை மனிதர் எழுதித் தராமல், சுமார் 12 லட்சம் படங்களிலிருந்து அதுவே கற்றுக்கொண்டது. முக்கிய மாற்றம் அதுதான்.

இத்துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். ஆயத்த நிரல்களை இறக்குவதற்கு முன், ஓர் அட்டைப்பெட்டியில் ஊசியால் துளையிடுங்கள். எதிர்ப்பக்கத்தை வெட்டி, எண்ணெய் தடவிய தாளை ஒட்டி, வெயிலில் நிற்கும் மரத்தை நோக்கிப் பிடியுங்கள். மரம் தலைகீழாகத் தெரியும். ஏன் என்பதைத் தாளில் கோடு போட்டு விளக்கிப் பாருங்கள். உங்கள் முதல் பாடம் அதுதான்.