நீதிபதியின் மேசையருகே நமக்கும் ஓர் இடம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் சட்டம் பயிலும் மாணவர்களுக்கு ஆற்றிய உரை)

 

இச்சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில், நம் பிள்ளைகள் சட்டக் கல்லூரிகளில் பயில்வது கண்டு மகிழ்கிறோம். ஆயினும் பட்டம் பெற்றபின் யாரிடம் செல்வது என்னும் கேள்வி எழும்போது, மூத்த வழக்கறிஞர் ஒருவரையும் அறியாத குடும்பத்து மாணவர் திகைத்து நிற்கின்றனர். அவர்கள் அறிய வேண்டிய வாயில் ஒன்று உண்டு. அதுவே நீதிபதியின்கீழ்ச் சட்ட ஆய்வாளராகப் பணிபுரிவது.

ஆங்கிலத்தில் இப்பணியை ‘லா கிளார்க்’ என்பர். வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா வேலை என்று மயங்காதீர்கள். நீதிபதி விசாரிக்கவிருக்கும் வழக்குக் கட்டுகளை முன்கூட்டியே படித்துச் சுருக்கம் எழுதுவதும், முன்தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பு வரைவதும் இவர்தம் கடமை. தீர்ப்பு நீதிபதியுடையது. அறையில் அறிந்தது அறையைத் தாண்டலாகாது.

இதன் வரலாறு நமக்குப் பாடம் புகட்டுவதாகும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1882இல் நீதிபதி ஹொரேஸ் கிரே இத்தகைய உதவியாளரை அமர்த்தினார். ஹார்வர்டில் பேராசிரியராயிருந்த அவர் சகோதரரே ஆளைத் தேர்ந்து அனுப்பினார். பரிந்துரைப்பவர் இல்லாதவர்க்கு அங்கே வழியில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் அவ்விடத்தை அடைய 1948 வரை ஆயிற்று. அவர்தாம் நீதிபதி பிராங்பர்ட்டரிடம் பணியாற்றிய வில்லியம் கோல்மன். அத்தகுதி பெற்ற பின்னரும் சொந்த ஊரான பிலடெல்பியாவின் வழக்கறிஞர் நிறுவனங்கள் அவரை ஏற்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. பள்ளிகளில் நிறவேற்றுமையை வீழ்த்திய 1954ஆம் ஆண்டு வழக்கில் தர்குட் மார்ஷலுக்குத் துணைநின்றார்.

நிற்க. நம் உச்ச நீதிமன்றம் இப்பணிக்கு எழுத்துத் தேர்வு நடத்துகிறது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளின் அறிவிப்புகளை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 90 இடங்கள், ஓராண்டு ஒப்பந்தம், மாதம் 80,000 ரூபாய், வயது 20 முதல் 32 வரை. இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். பணியேற்குமுன் பட்டச் சான்று காட்ட வேண்டும். அறிவிப்பு ஜனவரியில் வெளிவந்தது. தேர்வு மார்ச்சில் நடந்தது. ஆண்டுதோறும் விதிகள் மாறக்கூடுமாதலின், உச்ச நீதிமன்ற இணையதளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்றமும் இதுபோன்ற உதவியாளர்களைத் தற்காலிகமாக அமர்த்துவதுண்டு.

தேர்வு மூன்று கட்டமாக அமைந்தது. முதலில் கொள்குறி வினாக்கள், அடுத்து வழக்கைச் சுருக்கியும் சட்டக் குறிப்பு வரைந்தும் எழுதும் தேர்வு, இறுதியில் நேர்முகம். இரண்டாம் கட்டத்தைக் கவனியுங்கள். நீண்டதைப் படித்து, உயிரானதைப் பிரித்தெடுத்து, தெளிவான ஆங்கிலத்தில் எழுதும் ஆற்றலே அங்கு கேட்கப்படுகிறது. அது பரம்பரைச் சொத்தன்று, பழக்கத்தால் வருவது.

பழகுவது எப்படி? உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பல தீர்ப்புகள் தமிழிலும் உள்ளன. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 3-10-2024இல் அளித்த தீர்ப்பிலிருந்தே தொடங்குங்கள். நடந்தது என்ன, எழுந்த வினா என்ன, பொருந்தும் சட்டம் எது, முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன என ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வாரம் ஒரு தீர்ப்பு எழுதினால் ஓராண்டில் ஐம்பது பக்கங்கள் சேரும். ஐம்பதாவது பக்கத்தை எழுதும் கை முதல் பக்கத்தை எழுதிய கையாக இராது.

இப்பணியை நாம் நாடுவது சம்பளத்திற்காக மட்டுமன்று. கட்டுக்கட்டாகக் குவியும் மனுக்களில் எந்த உண்மை நீதிபதியின் கண்ணில் முதலில் படவேண்டும் என்பதை அச்சுருக்கம் காட்டுகிறது. சேரியின் பாதை மறிப்பும், மலக்குழி மரணமும், சாதிச் சான்றுக்கான அலைச்சலும் பட்டறிந்தவர் பார்வைக்கு ஒரு வரியும் தப்பாது. நம்மவர்க்கெனச் சாய்வதற்காக அன்று. விடுபட்ட உண்மையால் எவர்க்கும் அநீதி நேராதிருப்பதற்காகவே நாம் அங்கே இருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டவரான நீதியரசர் ஆ. வரதராஜன் 1980இல் நம் மக்களுள் முதல்வராக உச்ச நீதிமன்ற நீதிபதியானார். நீதியரசர்கள் கே.ஜி. பாலகிருஷ்ணன் 2007இலும், பி.ஆர். கவாய் 2025இலும் தலைமை நீதிபதியாயினர். உயர்ந்த ஆசனத்தையே எட்டிய சமூகம், அதனருகே உள்ள மேசைக்குத் தயங்கலாமா?

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுக் கட்டணமும் பயணச் செலவும் ஏழை மாணவரைத் தடுக்காதவாறு சங்கம் ஒரு சிறு நிதி ஒதுக்கட்டும். நம்மிடையேயுள்ள வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் மாணவர் எழுதும் பக்கங்களை வாரந்தோறும் திருத்தித் தரட்டும்.

மாணவச் செல்வங்களே! சிற்றூர்க் கல்லூரியில் படித்தோம், ஆங்கிலம் போதாது என்று, எவரும் கேட்குமுன்பே நமக்கு எதிராக நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை இன்றே தள்ளுபடி செய்யுங்கள். விண்ணப்பத்தை எழுதுங்கள்.