சிவப்பை வழித்த கை



2016-இல் நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஒரு கை நின்றது. தொழிற்சாலைகளில் வேலை செய்யும், கூகா நிறுவனத்தின் ரோபோ கை. சீனக் கலைஞர்கள் சன் யுவானும் பெங் யூவும் அதைக் கண்ணாடி போன்ற சுவர்களுக்குள் நிறுத்தி, சுற்றிலும் ரத்தம்போன்ற கெட்டியான திரவத்தை ஊற்றினார்கள். திரவம் எல்லை தாண்டினால் கை வளைந்து வந்து வழித்து உள்ளே தள்ளும். வழிக்க வழிக்கச் சுவரெல்லாம் சிவப்பு தெறிக்கும். இடையிடையே குனிந்து வணங்கும்; அரிப்பெடுத்ததுபோல் சொறிந்துகொள்ளும். இப்படி 32 அசைவுகளை அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

2019-இல் வெனிஸ் கலைவிழாவிலும் அது இருந்தது. பிறகு அதன் காணொளி பரவியபோது ஒரு கதையும் கூடவே கிளம்பியது: அந்தத் திரவம்தான் அதன் உயிராம், கசியும் தன் ரத்தத்தை அள்ளி அள்ளிக் களைத்துச் செத்துப்போனதாம். உலகெங்கும் எத்தனையோ பேர் கண்கலங்கினார்கள். உண்மையில் அந்தக் கை ஓடியது மின்சாரத்தில். திரவத்துக்கும் அதன் ஓட்டத்துக்கும் தொடர்பே இல்லை.

கதை பொய்தான். அந்தக் கண்ணீரைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். எவ்வளவு செய்தாலும் தீராத தங்கள் வேலையைத்தான் பலர் அதில் பார்த்தார்கள்.

எனக்கு அதில் தெரிந்தது என் அப்பா. அவர் லேத் பட்டறையில் டர்னர். காலையில் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சுவிட்சைப் போடுவார். ஒருநாள் அதே லேத் அவருடைய சுண்டுவிரல் நுனியை எடுத்துவிட்டது. காயம் ஆறித் திரும்பிப்போன முதல் நாள், சோற்றுத் தூக்கோடு நானும் கூடப் போயிருந்தேன். அன்றும் தொட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை எந்த ஓவியத்திலாவது பார்த்துவிட மாட்டோமா என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன்.

ஓவியமும் சிற்பமும் கற்று இன்று பட்டம் வாங்குகிற உங்களிடம்தான் அந்த ஓவியத்தைக் கேட்க முடியும். இயந்திரத்தை வரையப்போகிறீர்கள் என்றால் முதலில் அது எப்படி ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள். எண்ணெய் கையில் படட்டும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுங்கள்.

கூகன்ஹைமில் தெறித்த சிவப்பையும் யாரோ துடைத்திருப்பார். அவரைக் காட்டும் காணொளி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. உங்களில் ஒருவர் அவரை வரைந்தால் சொல்லியனுப்புங்கள், வந்து பார்க்கிறேன்.