பீரோவில் இருப்பது பவரா, உயிலா?

துபாயில் வேலை பார்க்கிற பிள்ளை, ஊரில் இருக்கும் அப்பா பேருக்குப் பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுப்பது நம் பக்கம் சகஜம். வீட்டு வரி கட்ட, வாடகை வாங்க, பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட உதவும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மூத்த மகனுக்குப் பவர் கொடுத்துவிட்டு, "எனக்குப் பிறகு எல்லாம் அவன் பார்த்துக்குவான்" என்று நிம்மதியாக இருந்தார். அங்கேதான் இடிக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் கண்ணை மூடினால் பொதுவாகப் பவரும் அதோடு சரி. அவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் அதே கதைதான். ரொம்பத் தேவைப்படுகிற நேரம் பார்த்துக் கைவிடுகிற காகிதம்!

பெரியவருக்கு வேண்டியது உயில். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்துவைத்தால் பின்னால் தகராறு குறையும். ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். சொத்து வாங்கப்போகிற பிள்ளையையே சாட்சிக்கு நிறுத்தாதீர்கள்.

இன்றைக்குக் காபி குடித்த கையோடு உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து, உள்ளே இருப்பது பவரா, உயிலா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.